பெண் பார்க்கப் போன ஏ.சி. கார்

தை மாதக் குளிரில் பெருமாள்மலையே கம்பளிக்குள் சுருண்டு கிடக்க, சேனாதிபதிக்கு மட்டும் வேர்த்துக் கொட்டியது. பெண் வீட்டு வாசலில் நின்ற காரின் ஏ.சி. குமிழை மறுபடியும் திருகிப் பார்த்தார். காற்றைக் காணோம்.

கன்னிவாடியில் அவருக்குப் புகையிலை வியாபாரம். மெட்ராஸைக் காலி செய்துகொண்டு போன துரை ஒருவரிடம் வாங்கிய அமெரிக்கக் கார் அது. சுற்று வட்டாரத்தில் ஏ.சி. வைத்த கார் அந்த ஒன்றுதான். மகன் குருநாதனுக்குப் பெண் பார்க்கக் கிளம்பும்போதே, முதலில் பேச வேண்டியது தாம் அல்ல, கார்தான் என்று முடிவு செய்திருந்தார்.

அதற்காகவே டிரைவர் சுப்புராஜுக்கு அளவெடுத்துக் கோட்டு தைத்துப் போட்டிருந்தார். வேட்டி கட்டியவன் ஓட்டினால் ஏ.சி. காருக்கு என்ன மதிப்பு? மகனுக்கும் பட்டுச் சட்டைதான். ஆனால் மலைப்பாதை வளைவுகளில் வயிறு புரண்டு, சட்டையெல்லாம் வாந்தியாக்கி, அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, தலையோடு கம்பளியைப் போர்த்திக்கொண்டு பின்சீட்டில் கிடந்தான் குருநாதன்.

பெண்ணின் தகப்பனார் நல்லுசாமி, உருளைக்கிழங்கு மண்டிக்காரர். குரங்குக் குல்லாயும் ஸ்வெட்டருமாக வாசலுக்கு வந்து கும்பிட்டார். பின்னாலேயே மனைவி விசாலாட்சியும் வந்தாள்.

“உள்ள வாங்க. வெளிய பனி கொட்டுது.”

“வாரோம், வாரோம். மொதல்ல நீங்க ரெண்டு பேரும் வண்டியில ஏறி உக்காருங்க. குளுகுளுன்னு காத்து வரும் பாருங்க.”

நல்லுசாமி மனைவியைப் பார்த்தார். “குளுருக்கு இங்க என்னங்க கொறைச்சல்?”

“இது மலைக் குளுரு, ஊருக்கே பொது. அது மிசின் குளுரு. வச்சிருக்கவனுக்கு மட்டுந்தான்,” என்றார் சேனாதிபதி.

அந்த மிஷின்தான் மூச்சு விட மறுத்தது.

“ஏலே, என்னன்னு பாரு. வெரசா.”

சுப்புராஜ் பானெட்டைத் தூக்கினான். பெல்ட்டை அழுத்திப் பார்த்தான், சரியாக இருந்தது. கதவைத் திறந்து மண்ணில் மண்டி போட்டு, டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்து, ஒயர்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தான்.

“இப்பத் திருகுங்க ஐயா. ஃபேன் சத்தம் கேக்குதா?”

“ஒண்ணும் கேக்கலையே.”

“அப்ப ஃபியூஸு போயிருக்கும்.”

சம்பந்தியாகப் போகிறவர்கள் முன்னால் இப்படி மானம் போகிறதே என்று சேனாதிபதிக்குப் பதைத்தது. வெளியே காட்டிக்கொள்ளாமல் சுப்புராஜின் தோளைத் தட்டினார்.

“இவன் கைபட்டா எந்த வண்டியும் பேசும். சின்ன வயசுலேருந்து என் கூடவே வளந்தவன். ஒரு நாள் எதுத்து ஒரு வார்த்தை பேசினதில்ல.”

விசாலாட்சி உள்ளே போய்க் காபியோடு வந்தாள். சேனாதிபதிக்கு ஒரு வெள்ளி டம்ளர். இன்னொரு வெள்ளி டம்ளரைச் சுப்புராஜிடம் நீட்டினாள். டிரைவருக்கே வெள்ளியா என்று சேனாதிபதி அசந்துபோனார். எல்லாம் காருக்குக் கிடைக்கிற மரியாதை.

மாடி ஜன்னலில் திரை விலகியது. பெண் தமயந்தி எட்டிப் பார்த்துவிட்டுச் சிரிப்பை மறைத்துக்கொண்டாள். ஊரில் எந்தப் பெண்ணுக்குத்தான் இப்படியொரு கார் பிடிக்காது என்று சேனாதிபதி மீசையைத் தடவினார்.

ஃபியூஸ் கருகித்தான் போயிருந்தது. மாற்று ஃபியூஸ் கைவசம் இல்லை. நல்லுசாமி தயங்கித் தயங்கி அருகில் வந்து, சட்டைப் பையிலிருந்து சிகரெட் பாக்கெட்டை எடுத்தார்.

“இதுல இருக்க வெள்ளித்தாள் ஆவுமா தம்பி?”

“அவசரத்துக்கு ஆவும்ங்க. கீழ போனதும் நல்ல ஃபியூஸா மாத்திரணும்.”

“தம்பிக்கு இந்தப் பழக்கம் உண்டா?”

“சிகரெட்டா? இல்லீங்க.”

நல்லுசாமி திரும்பி விசாலாட்சியைப் பார்த்துத் தலையசைத்தார்.

வெள்ளித்தாளைச் சுற்றிச் செருகியதும் ஏ.சி. உறுமிக்கொண்டு கிளம்பியது. சேனாதிபதி விடவில்லை. இருவரையும் முன்சீட்டில் ஏற்றிக் கதவைச் சாத்தினார். முகத்தில் அறைந்த காற்றில் நல்லுசாமிக்குப் பல் கிட்டியது. விசாலாட்சி முந்தானையால் காதைப் பொத்திக்கொண்டாள்.

“ஐயா, குளுரு தாங்கல. அமத்தச் சொல்லுங்க,” என்று பின்சீட்டுக் கம்பளிக்குள்ளிருந்து முனகல் கேட்டது.

“சும்மா கெட,” என்று சேனாதிபதி பல்லைக் கடித்தார்.

நல்லுசாமி பின்னால் திரும்பிப் பார்த்தார். “பாவம், மலைப்பாதை ஒத்துக்கலையோ?”

“ஆமா, பழக்கமில்ல. அத விடுங்க. காத்து எப்படி?”

“ரொம்ப... ரொம்ப நல்லாருக்குங்க,” என்று நடுங்கிக்கொண்டே இறங்கிய இருவரும் மகளிடம் பேசிவிட்டு வருவதாகச் சொல்லி உள்ளே ஓடினார்கள்.

சேனாதிபதி காரின் மேல் கையூன்றிக் காத்திருந்தார். சற்று நேரத்தில் நல்லுசாமி முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எங்களுக்குப் பூரண சம்மதம். தமயந்திக்கும் ரொம்பப் புடிச்சுப்போச்சு.”

“வண்டியப் பாத்தா யாருக்குத்தான் புடிக்காது?”

“வண்டி கெடக்கட்டும்ங்க. இம்புட்டு வசதியிருந்தும் கௌரவம் பாக்காம, கோட்டோட மண்ணுல மண்டி போட்டு வேலை செய்றாரே, அந்தக் கொணத்துக்குத்தான் பொண்ணு குடுக்குறோம்.”

சேனாதிபதியின் கை காரிலிருந்து நழுவியது. நல்லுசாமி வீட்டுப் பக்கம் திரும்பி நடந்துகொண்டே சொன்னார்:

“மாப்பிள்ளையக் கை கழுவிட்டு உள்ள வரச் சொல்லுங்க. பின்னால படுத்துக் கெடக்குற டிரைவருக்கு அங்கனயே ஒரு காப்பி குடுத்து விட்டுருவோம்.”