மத்தியானத்தில் மாயமாகும் தமிழ்மதி

இடமாறுதல் விண்ணப்பத்தோடு விறுவிறுவென நடந்தாள் சிறப்பாசிரியை நாகஜோதி.

“என்ன டீச்சர் இம்புட்டுக் கோவம்?” என்று பின்னாலேயே ஓடி வந்தாள் சத்துணவு ஒச்சம்மாள்.

“மலையிலருந்து வந்த சிறுமலைக்காரின்னு இந்த வாத்தியாருங்க என்னைய ஒதுக்குனாங்க, பொறுத்துக்கிட்டேன். நான் உள்ள போனாலே பேச்ச நிறுத்துனாங்க, அதையும் பொறுத்தேன். இப்ப காது கேக்காத தமிழ்மதிய தெனமும் மத்தியானம் அவுங்க ரூமுக்குக் கூப்பிட்டு வச்சுக்கிறாங்க. எச்சித் தட்டு கழுவவிட்டா, அந்தப் புள்ள யார்ட்டப் போய்ச் சொல்லும்?”

ஆசிரியர் அறைக் கதவைப் படாரென்று தள்ளினாள்.

நாற்காலி மேல் ஸ்கேலோடு நின்றிருந்தாள் தமிழ்மதி. எதிரே எட்டு ஆசிரியர்கள் விரல்களை மடக்கி நீட்டிச் சைகை மொழி பழகிக்கொண்டிருந்தார்கள். கணக்கு வாத்தியார் ரொனால்டு மட்டும் மூலையில் முட்டி போட்டிருந்தார்.

தலைமையாசிரியை ஐரின் அசடு வழிந்தார். “உங்கள ஒதுக்குனது எங்க தப்புதான் டீச்சர். காது கேக்காத புள்ளைங்களோட பேச வேற ஆளில்லைன்னு காய்ச்சலோடயும் வாரீங்க. இனிமே நீங்க நிம்மதியா லீவு போடலாம். நல்லாப் படிச்சுட்டுச் சொல்லலாம்னு இருந்தோம்.”

நாகஜோதி விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்டாள்.

“டீச்சர், வீட்டுப்பாடம் செய்யலைன்னு முட்டி போட வச்சுட்டா. நீங்களாவது சொல்லுங்க!” என்று கெஞ்சினார் ரொனால்டு.

நாகஜோதி தமிழ்மதியைப் பார்த்துச் சைகையில் ஏதோ சொன்னாள். சிறுமி விழுந்து விழுந்து சிரித்தாள்.

“என்ன சொன்னாங்க?” என்று கேட்டார் ரொனால்டு.

ஐரின் சட்டென்று சொன்னார்: “இன்னும் அஞ்சு நிமிசமாம் சார்!”