முன்னவர் வைத்த மட்டம்

தரையில் வைத்த ரசமட்டத்தைப் பார்த்ததும் டைல்ஸ்காரருக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்.

குமிழி நடுவில் நிற்காமல், பின்சுவரை ஒட்டிய கட்டிலின் தலைமாட்டுப் பக்கம் ஒதுங்கிக் கிடந்தது. குமிழி எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் மேடு.

ஆக, வண்டி கோணல்!

மனைவி வாளியோடு ஏரிக்கரைக் குழாய்க்குப் போயிருந்தாள். அவள் திரும்புவதற்குள் முடித்துவிட வேண்டும்.

அந்த வண்டி ஒரு வீடு. கட்டில், அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி எல்லாம் சக்கரத்தின் மேலே. மேடோ பள்ளமோ, நிறுத்திவிட்டு ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். நான்கு மூலையிலும் இருக்கும் காற்றுப் பைகள் உப்பியும் இளைத்தும் வண்டியைத் தானாகவே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடும்.

வண்டியை வாங்கி இந்த ஏற்பாட்டைப் பொருத்தியவர் அவளுடைய முதல் கணவர். பஸ் டிரைவர். போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகிறது.

எங்கே போய்ச் சேர்ந்தார்! இந்தக் கொக்கி அவர் அடித்தது, அந்த அலமாரி அவர் பார்த்துப் பார்த்துச் செய்தது. அவர் செய்தால் பொன்குடம், இவர் செய்தால் மண்குடம். அவள் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை, இவரே சொல்லிக்கொண்டார்.

பொறாமைதான், வேறென்ன? உயிரோடு இருக்கிறவன் என்றால் சட்டையைப் பிடிக்கலாம். செத்தவனிடம் எங்கே போய் மல்லுக்கட்டுவது?

கல்யாணத்துக்குப் பிறகு இது இரண்டாவது பயணம். முதல் பயணத்தில் புதுமாப்பிள்ளைக் கூச்சம். தரையைப் பார்க்கவே தோன்றவில்லை. இந்த முறை ஏறியதுமே காலுக்குத் தெரிந்துவிட்டது. ஆயுசு முழுக்கத் தரை போட்ட காலாயிற்றே.

ஆனால் பொத்தானை அமுக்கினால், பச்சை விளக்கு எரிந்து எல்லாம் சரி என்று சாதித்தது.

நோண்டிப் பார்த்ததில் சூட்சுமம் பிடிபட்டது. இயந்திரத்துக்குச் சொந்தமாக மட்டம் தெரியாது. 'இதுதான் மட்டம்' என்று யாராவது ஒருதரம் அதற்குச் சொல்லிவைக்க வேண்டும். பிறகு எந்த ஊரில் நிறுத்தினாலும் அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

அந்த யாராவது யார் என்று கேட்கவும் வேண்டுமா? பெரிய சாமர்த்தியசாலி! அவர் சொல்லிவைத்த கோணலில்தான் இவர் இந்த வண்டியில் படுத்து எழுந்திருக்கிறார். நினைக்க நினைக்க வயிறு எரிந்தது.

தானாக இயங்குவதை அணைத்தார். பின்பக்கத்துக் காற்றை இறக்கினார். புஸ்ஸென்று வண்டி தணிந்தது. கொஞ்சம் அதிகமாகிவிட்டது, மறுபடி ஏற்றினார். கம்ப்ரசர் கடகடத்தது. குமிழி நகர்ந்து நகர்ந்து நட்டநடுவில் வந்து நின்றது. குறுக்குவாட்டிலும் வைத்துப் பார்த்தார். சுத்தமாக இருந்தது.

பொத்தானை விடாமல் அமுக்கிப் பிடித்தார். 'பீப்' என்றது. பழையது அழிந்தது.

ஒழிந்தார் மனுஷன்! படுக்கிற இடத்திலாவது இனி தன் ராஜ்ஜியம் என்று நினைத்துக்கொண்டார்.

வாளியோடு ஏறி வந்தவள் இரண்டடி வைத்ததும் நின்றாள். காலைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள், அவர் கையிலிருந்த ரசமட்டத்தைப் பார்த்தாள்.

"கோணலா இருந்துச்சும்மா, உங்க டிரைவர் வெச்ச மட்டம். சரி பண்ணிட்டேன்," என்றார். வேண்டுமென்றேதான் 'உங்க டிரைவர்' என்றார். சண்டை வரட்டும், இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடலாம் என்றிருந்தார்.

அவள் வாளியை இறக்கி வைத்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அவர் வெச்சிருந்தது இப்ப நீங்க வெச்ச இதே மட்டந்தாங்க, இம்மி பிசகாது. போன தடவை படுத்தாலே எதுக்களிக்குதுன்னு ராத்திரியெல்லாம் எழுந்து எழுந்து உட்கார்ந்தீங்களே, உங்களுக்குத் தலைமாடு கொஞ்சம் உசரமா இருக்கட்டும்னு, கிளம்பறதுக்கு முன்னாடி நான்தான் மாத்தி வெச்சேன்."

டைல்ஸ்காரரின் கை அவசர அவசரமாகப் பின்பக்கத்துக்குக் காற்றேற்றும் பொத்தானைத் தேடியது.