சேனை வேகும் வரை

"ஒரு வாய் சமைச்சுச் சாப்பிட்டுட்டுக் காலி பண்ணிடறேன் சார்" என்று இஸ்திரிக்காரி சொன்னபோது, என்ன சமைக்கப் போகிறாய் என்று ஓனர் கேட்டிருக்க வேண்டும்.

கேட்கவில்லை. தெருவே வேடிக்கை பார்க்கும்போது பெருந்தன்மை காட்டாமல் இருக்க முடியுமா அவரால்?

"சரி சரி, வேகட்டும். சாப்பிட்டே போ."

தெருவில் எல்லாரும் அவரை ஓனர் என்றுதான் கூப்பிடுவார்கள். புதுக் கார் வாங்கியிருக்கிறார். அது நிற்பதற்காக வாசல் பக்கத்து இஸ்திரி அறையை இடிக்க வேண்டுமாம். கொத்தனார் சுத்தியலோடு வந்தாயிற்று. அறை போனால் அவளுக்குப் பிழைப்பும் போச்சு, படுக்கிற இடமும் போச்சு.

அவள் இஸ்திரிப் பெட்டியைத் திறந்து, கனிந்திருந்த கரியை அடுப்பில் கொட்டினாள். உள்ளே போய், கைக்குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள்.

சேனைக்கிழங்கு. முழுசாக.

கரிக்குள் புதைத்துச் சாம்பலால் மூடினாள். விசிறவே இல்லை. விசிறினால் மேலே கருகி உள்ளே கல்லாக இருக்கும் என்று கொத்தனாருக்கு விளக்கம் வேறு.

நான் கீரை ஆய்கிற சாக்கில் வாசலுக்கு வந்துவிட்டேன். ஒரு கட்டுக் கீரையை எவ்வளவு நேரம் ஆயலாம் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

கொத்தனார் டீ குடித்தார். இன்னொரு டீயும் குடித்துவிட்டு, சுத்தியலைத் தலைக்கு வைத்துப் படுத்தார்.

ஓனருக்குப் பொறுக்கவில்லை. "வெந்தாச்சு, எடு" என்றார்.

"நீங்களே பார்த்துச் சொல்லுங்க சார்." ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி, உப்புத் தொட்டு நீட்டினாள்.

வாங்காமல் இருந்திருக்கலாம். ரோஷம் விட்டால்தானே. வாயில் போட்டு மென்று, "பஞ்சு மாதிரி வெந்திருக்கு" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லி விழுங்கினார்.

அரைவேக்காட்டுச் சேனை தொண்டையை என்ன பாடுபடுத்தும் என்று சமையலறைப் பக்கம் போகிறவர்களுக்குத் தெரியும். இவர் தின்ற தட்டைக் கழுவி வைக்கக்கூட அந்தப் பக்கம் போனதில்லை.

கழுத்தைச் சொறிந்தார். அரிப்பு உள்ளே அல்லவா இருக்கிறது. கனைத்தார். கண்ணில் தண்ணீர் முட்டியது. கொத்தனார் எழுந்து, சுவர் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

இஸ்திரிக்காரி சிரிக்கவில்லை. வெட்டிய இடத்தைச் சாம்பலால் மூடிவிட்டு, அறை வாசலை அடைத்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். இடிப்பதென்றால் என்னையும் சேர்த்து இடி என்கிற மாதிரி.

ஓனருக்குக் குரல் கீச்சென்றுதான் வந்தது.

"அம்மா, நீயாவது சொல்லேன்."

தெரு முழுக்க என் பக்கம் திரும்பியது.

பெற்ற வயிறு, கேட்குமா? புளித்தண்ணீர் கரைத்துக் கொடுக்கலாம் என்றுதான் கீரையை வைத்துவிட்டு எழுந்தேன். ஆனால் வீடு இன்னும் என் பேரில்தான் இருக்கிறது. புதுக் கார் மயக்கத்தில் அவன் அதை மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை.

அடுப்பருகே குனிந்து, ஒரு குச்சியால் கிழங்கைக் குத்திப் பார்த்தேன்.

"இன்னும் வேகலைடா."