புள்ளிக் கல்

குச்சியின் நுனி அவன் மணிக்கட்டில் இடித்து நின்றது.

"யாருங்க? வேலை நடக்குதா?"

நடைபாதையின் விளிம்பில் குத்துக்காலிட்டிருந்தவன் நிமிர்ந்தான். ஒரு பெண், ரோட்டைக் கடந்து வந்திருந்தாள். கறுப்புக் கண்ணாடி. கழுத்தில் வங்கியின் அடையாள அட்டை. முப்பது வயதிருக்கும்.

"கடைசி வரிசைம்மா. இப்படி ஓரமா வாங்க."

அவள் வரவில்லை. அங்கேயே குனிந்தாள். அவன் அப்போதுதான் தட்டி உட்காரவைத்த கல்லை விரலால் தடவினாள். வரி வரியாகப் படிக்கிற மாதிரி.

"மஞ்சளாமே?"

"ஆமாம்மா. நல்ல மஞ்சள்."

"எங்களுக்கு எதுக்குங்க மஞ்சள்?" சிரித்தாள். "அஞ்சு வருஷமா மனு போட்டோம். கல்லுதான் கேட்டோம். கலர் கேக்கல."

அவனும் சிரித்தான். மூன்று வாரமாக இந்தச் சாலையில் மஞ்சள் கல் பதிக்கிறான். எதற்கு என்று யாரும் அவனுக்குச் சொன்னதில்லை. அழகுக்கு என்று நினைத்திருந்தான்.

அவள் விரல் நின்றது.

"அண்ணே, இது கோடு."

"ஆமாம்மா. கோடு."

"ரோடு வர்ற எடத்துல புள்ளி வரணும். கோடு இருந்தா போய்க்கிட்டே இருப்போம். கால்ல புள்ளி பட்டாதான் நிப்போம்."

அவன் கல்லைப் பார்த்தான்.

லாரியில் இரண்டு வகை வந்தது. நீளக் கோடு போட்டது ஒன்று. வட்ட வட்டமாகப் புள்ளி வைத்தது ஒன்று. புள்ளிக் கல் முந்தாநாளே தீர்ந்துவிட்டது. கேட்டதற்கு சூப்பர்வைசர் தணிகாசலம் சொன்னார்: "எல்லாம் மஞ்சள்தானடா. போட்டோவுல புள்ளியா தெரியப் போகுது? இருக்கறதைப் போட்டு முடி."

கோட்டுக் கல்லை வைத்தே முடித்திருந்தான். இங்கே ஒரு வரிசை. நேற்று, அந்தக் கோடியில், பஸ் டிப்போ வாசலில் ஒரு வரிசை.

"இதை மாத்திடுறேம்மா."

"டிப்போ வாசல்ல சரியாத்தானே போட்டிருக்கீங்க? அங்கதான் எனக்குப் பயம்."

பத்தடி தள்ளி, மரத்தடியில் தணிகாசலம் நின்றிருந்தார். மூன்று மணிக்கு அதிகாரிகள் வருகிறார்கள். மணி இரண்டே கால்.

வேலையிடத்தில் யார் எது கேட்டாலும் அவன் வாயில் முதலில் வருவது 'ஆமாம்' ஒன்றுதான். மட்டம் பார்த்தியா? தண்ணி ஊத்தினியா? எஞ்சினியர் கேட்டாலும் அதுதான். வீட்டுக்காரர் கேட்டாலும் அதுதான்.

"ஆமாம்மா."

"அப்ப சரி."

அவள் கையைப் பிடித்து ஈரக் கல்லைத் தாண்டவைத்தான். அவன் கையிலிருந்த சிமெண்ட் அவள் கையில் ஒட்டியது. அவள் அதைத் துடைக்கவில்லை.

முதல் பத்தடி மெல்ல வைத்தாள். செருப்புக்கு அடியில் கோட்டைத் தேடினாள். கிடைத்தது.

அப்புறம் வேகமெடுத்தாள்.

குச்சி தரையைத் தட்டவில்லை. கோட்டை ஒட்டி வழுக்கிக்கொண்டு போனது. நேராக, தலை நிமிர்ந்து, நடுப்பாதையில் போனாள். எதிரே வந்தவர்கள் விலகினார்கள்.

அவன் கரணையால் கலவையைக் கிளறினான். இறுகிக்கொண்டிருந்தது.

டிப்போ வாசலில் நடைபாதை அறுபடுகிறது. நடுவில் முப்பதடி, பஸ் போக. விளிம்பில் படி கிடையாது. சக்கர நாற்காலி இறங்க வேண்டும் என்று வரைபடத்தில் இருந்தது. அதையும் அவன்தான் சரித்துக் கொடுத்தான். பந்தை வைத்தால் தானாக ரோட்டுக்கு உருளும். எஞ்சினியர் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

காலில் இடறவும் அங்கே ஒன்றுமில்லை.

பஸ்களும் புதுசு. மின்சாரத்தில் ஓடுகிறவை. நேற்று கல் தட்டிக்கொண்டிருந்தபோது ஒன்று பின்னால் வந்து நின்றது. அவனுக்குக் கேட்கவேயில்லை. முதுகில் நிழல் விழுந்த பிறகுதான் திரும்பினான். ஓட்டுநர் கண்ணாடிக்குப் பின்னால் வாயசைத்துத் திட்டினார்.

அவள் டிப்போவுக்கு முந்தின டீக்கடையைத் தாண்டினாள்.

"என்னடா பராக்கு? கல்லை வை." தணிகாசலம்.

"அண்ணே, அந்தப் பொண்ணு..."

"எந்தப் பொண்ணு? சைட்டுல நின்னு சைட் அடிக்கிறியா?"

அவன் எழுந்தான். கரணை கீழே விழுந்தது. ஈரக் கல்லையே மிதித்துக்கொண்டு ஓடினான். பின்னால் தணிகாசலம் கத்தியது கேட்டது.

அவள் பெயரை அவன் கேட்டிருக்கவில்லை.

"யம்மா! யம்மா, நில்லுங்க!"

சாலையிலிருந்த பெண்களெல்லாம் திரும்பினார்கள். கொய்யாப்பழம் விற்றவள் திரும்பினாள். ஸ்கூட்டரில் போனவள்கூட ஒரு காலை ஊன்றினாள்.

அவள் திரும்பவில்லை. யாரோ யாரையோ கூப்பிடுகிற சாலை அது. தன்னை இல்லை என்று நினைத்திருப்பாள். நிற்க வேண்டுமானால் காலுக்குத் தெரியும்.

டிப்போவுக்குள்ளிருந்து நீலமாக ஒரு பஸ்ஸின் முகப்பு நீண்டது. சத்தமில்லை.

வாசல் காவலாளி சாலையைப் பார்த்து உள்ளங்கையை உயர்த்தினார்.

அந்தக் கையைப் பார்த்த எல்லோரும் நின்றார்கள்.