தூக்கிய கால்

வெள்ளவத்தையில் தண்டவாளத்தை ஒட்டியிருக்கும் வீடுகளில் எது அதிர்ந்தாலும் அது ரயில்தான். பன்னிரண்டு வருடமாக உஷாந்தி அதற்கு நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை.

அன்று பின்னேரம் அவள் கணவன் பிரியந்தன், நுகேகொடையில் வாங்கிவந்த பழைய வீடியோ கேம் ஒன்றை விளையாடிக்கொண்டிருந்தான். கடலிலிருந்து ஏறிவந்த ராட்சத மிருகம் ஊரை மிதித்து நொறுக்கியது. அதன் ஒவ்வொரு அடிக்கும் மேசையிலிருந்த தேநீர்க் கோப்பை கிணுகிணுத்தது.

"ரெயின் போகுது," என்றான் பிரியந்தன்.

"இண்டைக்கு ஸ்ட்ரைக் எல்லோ. விடியவிலயிருந்து ஒரு ரெயினும் ஓடேல்லை."

அவன் விளையாட்டை இடையில் நிறுத்தினான். கோப்பை அடங்கியது. தொடர்ந்தான். இம்முறை தேநீர் தளும்பி மேசையில் சிந்தியது. பதறிப்போய் மறுபடி நிறுத்தினான். திரையில் மிருகம் மூன்று விரல் காலைத் தூக்கியபடி நின்றது.

அவன் கை சுவிட்சை நோக்கிப் போனது.

"ஓஃப் பண்ணாதைங்கோ." என்றாள் உஷாந்தி. "ஒண்டையும் தொடாதைங்கோ."

அவள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடற்பக்க யன்னலால் ஆறு மணிவரை வெயில் விழும் இடம் அது. இப்போது ஐந்து மணிகூட ஆகவில்லை, ஆனால் சுவரோரத்தைத் தவிர ஹோல் முழுக்க நிழல். நிழலின் ஓரத்தில் மூன்று விரல்கள் விரிந்திருந்தன.