இருபத்திரண்டு வயது பாய்லர்

"இந்த பாய்லர் செத்துப்போச்சு பெரில். சீக்கிரம் அடக்கம் பண்ணிட்டுப் புதுசு வாங்கணும்" என்றார் நார்மன். இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் ஒரு கோட்டும் போட்டிருந்தார்.

"அது சாகலை. உனக்குத்தான் ரத்தம் சுண்டிப்போச்சு. மூணாவது ஸ்வெட்டரையும் எடுத்து மாட்டு" என்றாள் மனைவி பெரில்.

ஹாலிஃபாக்ஸ் நகரில் நவம்பர் மழை ஜன்னலை அறைந்துகொண்டிருந்தது. வங்கியில் மூவாயிரம் பவுண்டு சேமிப்பு. பெரிலுக்கு அது டெனரிஃப் தீவில் இரண்டு வார வெயில். நார்மனுக்கு அது வீட்டைச் சூடாக்க ஒரு புது பாய்லர். தீர்ப்புச் சொல்ல, பழையதை மாட்டிய மெக்கானிக் ட்ரெவரையே வரவழைத்திருந்தார்கள்.

ட்ரெவர் அடுப்படியில் உட்கார்ந்து பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தார்.

"புதுசுன்னா கூலியோட ரெண்டாயிரத்து எண்ணூறு ஆகும். பன்னிரண்டு வருஷம் உழைக்கும்னு விற்கிறவன் சொல்லுவான். ஆறாவது வருஷம் உள்ளே இருக்கிற எலெக்ட்ரானிக் அட்டை புட்டுக்கும். அதுக்கு ஒரு நானூறு."

"பழசு?" என்று கேட்டாள் பெரில்.

"கேஸைக் கொஞ்சம் கூடக் குடிக்கும். மத்தபடி இத்தனை வருஷத்துல நான் மாத்தினது ஒரே ஒரு வாஷர். தங்கமான பாய்லர்."

"கேட்டுக்கோ! தங்கமாம்!" என்றாள் பெரில்.

"தங்கம்னா கழுத்துல மாட்டிக்கோ. ஹால்ல இருக்கிற குமிழை இருபத்தஞ்சு டிகிரிக்குத் திருப்பி வெச்சிருக்கேன். அப்பவும் வீடு சவக்கிடங்கு மாதிரி இருக்கே, அது ஏன்?"

பெரில் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்தாள். அவளுக்குக் காரணம் தெரியும். ஹால் சுவரில் வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கும் அந்தக் குமிழுக்குப் பின்னால் கம்பியே கிடையாது. பாய்லர் மாட்டிய அன்று ட்ரெவருக்கு ஒரு முழுப் பழக்கேக்கைக் கொடுத்து அவள் செய்துகொண்ட ஏற்பாடு. உண்மையான குமிழ் மாடியில், துண்டுகள் அடுக்கிய அலமாரிக்குள் ஒளிந்திருந்தது. ஹாலில் நார்மன் கூட்டுவார். சந்தேகம் வரக்கூடாதென்று இவள் சண்டை போட்டுக் குறைப்பாள். பிறகு மாடிக்குப் போய்த் தன் இஷ்டப்படி வைத்துவிட்டு வருவாள்.

"ட்ரெவர், அந்தக் குமிழைக் கொஞ்சம் கழற்றிப் பாருப்பா. கோளாறு அதுலதான்னு தோணுது" என்றார் நார்மன்.

பெரில் கோப்பையைக் கீழே வைத்தாள். டெனரிஃப் போகட்டும், விஷயம் தெரிந்தால் நார்மன் சாகும்வரை சொல்லிக்காட்டுவார்.

ட்ரெவர் ஹாலுக்குப் போனார். குமிழில் காதை வைத்துக் கேட்டார். விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். மருத்துவர் முகத்தோடு திரும்பி வந்தார்.

"குமிழ் கல்லு மாதிரி இருக்கு. குறை உங்க உடம்புலதான் நார்மன்."

நார்மன் கோட்டின் பொத்தான்களை மாட்டிக்கொண்டார். "சரி, டெனரிஃப்புக்கே போய்த் தொலைவோம். அங்கேயாவது என் எலும்பு காயட்டும்" என்று முனகியபடி, மூன்றாவது ஸ்வெட்டரைத் தேடி மாடி ஏறினார்.

காலடிச் சத்தம் ஓய்ந்ததும் பெரில் ட்ரெவரின் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

"மானத்தைக் காப்பாத்திட்டேப்பா! இன்னொரு கேக் சுட்டுத் தரேன். போறதுக்கு முன்னாடி மாடியில என் குமிழை ஒரு பார்வை பாரு. இப்பல்லாம் கொஞ்சம் மெதுவா வேலை செய்யற மாதிரி இருக்கு."

ட்ரெவர் கடைசி பிஸ்கட்டையும் வாயில் போட்டுக்கொண்டு மாடிப்பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அதுலயும் கம்பி கிடையாதும்மா. அசலைப் படிக்கட்டுக்கு அடியில பத்தொன்பது டிகிரியில வெச்சு, மேலே பலகை அடிச்சு மூடிட்டேன். நீங்க ரெண்டு பேரும் திருகித் தள்ளுற வேகத்துக்கு, இல்லேன்னா அந்த பாய்லர் ரெண்டு வருஷம் தாங்கியிருக்குமா?"