பனியில் வைத்த படையல்

சிவபாதம் கண்ணாடிக் கதவருகே வேட்டி சால்வையோடு விறைப்பாக நிற்கிறார். வெளியே பனியின்மேல் விரித்த வாழையிலையில் தகப்பன் அப்புவின் திவசப் படையல் ஆவி விடுகிறது. காகம் தொடாமல் இந்த வீட்டில் யாரும் கை நனைப்பதில்லை. உள்ளே சொந்தபந்தம் பசியோடு காத்திருக்கிறது. டென்மார்க்கின் இந்த ஹேர்னிங் நகரத்துக் காகங்களோ பனி விழுந்ததுமே கடைத்தெருக் குப்பைத்தொட்டிகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டன. மானங்கெட்ட பிறவிகள். அப்போது காட்டோரத்திலிருந்து மான் ஒன்று வருகிறது. கோடையில் மனித வாடை பட்டாலே பாய்ந்தோடும் இந்த மான்துரை, புல் பனிக்குள் புதைந்ததும் வேலி தாண்டி வந்து, வெட்கமில்லாமல் இலையில் வாய் வைக்கிறது.

“அண்ணை, அப்பு மானாய் வந்திட்டார்,” என்று சிரிக்கிறார் தம்பி ஜெயகாந்தன்.

“எங்கட அப்பு ஒருத்தற்ற வாசலிலயும் போய்க் கையேந்தினவரில்லை. கலையடா அதை!”

தம்பி அசையவில்லை. மான் சோற்றைத் தின்கிறது, பூசணிக்காயைத் தின்கிறது, முறைக்காக வைத்த பாவற்காயை மட்டும் மூக்கால் ஒதுக்கிவிட்டு, நிமிர்ந்த கழுத்தோடு காட்டுக்குத் திரும்புகிறது.

“அப்புவும் பாவற்காயைத் தொடமாட்டார், என்ன அண்ணை?”

சிவபாதம் பனியில் கிடக்கும் அந்தப் பச்சைத் துண்டுகளையே பார்க்கிறார். “பிச்சைக்கார மிருகம்,” என்று முணுமுணுத்தபடி சால்வையைச் சரிசெய்கிறார். பிறகு, திரும்பாமலே மனைவியிடம் சொல்கிறார்: “மனோ, எல்லாருக்கும் இலையைப் போடு.”